அரிசித் தட்டில் மீண்ட கையெழுத்து

பக்கவாதத்தில் வலக்கை விழுந்ததும், என் அழகான கையெழுத்தோடு கப்பல் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலையும் போய்விட்டது என்றே நம்பினேன். பயத்தில் உயில் எழுதலாம் என்றால், அதற்கும் கை வேண்டுமே.

டத்தோ கிராமாட் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில், ஏடு தொடங்கும் பிள்ளைக்குப் பரப்புவதுபோல் மனைவி தட்டில் அரிசி பரப்பினாள். என் விரல் போட்ட 'அ' செத்த நண்டாகக் கிடந்தது.

"அழுதது போதும், அழிச்சு எழுதுங்க. அரிசிய உலையில போடணும்," என்றாள்.

மாதக்கணக்கில் என் எழுத்தையே சாப்பிட்டோம். பிறகு பேனா பிடித்தேன்.

ஒருநாள் ஆபீஸ் பெரிய கிராணி வீட்டுக்கே வந்து எழுதிக் காட்டச் சொன்னார். எழுத்துகள் குழந்தை எழுதியதுபோல் தனித்தனியாக விழுந்தன. தாளை நீட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"திங்கக்கிழமை வந்திருங்க லா, தம்பி. இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் உங்க எழுத்து எனக்குப் படிக்க வருது."

திங்கட்கிழமை என் பழைய மேசையிலேயே உட்கார்ந்தேன்.