மருந்துச் சட்டை

இப்போதெல்லாம் பன்னீர்த் திராட்சையில் வாசமே இல்லை என்று ஒரு வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். உரக்கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். "கண்ட மருந்தையும் வித்து எங்க பழத்த நாசமாக்கிட்டீகளே, நல்லாயிருப்பீகளா!" என்று கேட்டேன். பாவம், அவர் முழித்தார்.

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். இளவயதிலிருந்தே என் வீட்டுக்காரர்தான் மருந்தடிப்பார். பந்தலுக்குக் கீழே நின்று மேலே பார்த்து அடித்தால் பாதி மருந்து இலைக்கு, மீதி அவருக்கு. சொட்டச் சொட்ட வருவார். வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த அன்றே நான் சட்டம் போட்டுவிட்டேன், மருந்துச் சட்டை அதற்குள் போகக்கூடாது. பிள்ளைகளின் யூனிபார்மில் விஷம் ஒட்டிக்கொள்ளுமே! அதனால் அந்தச் சட்டையையும் லுங்கியையும் தனி வாளியில் ஊறவைத்து, கல்லில் வெறுங்கையால் கும்மித் துவைப்பேன். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சில வருடங்களாக அவருக்கு நடுக்குவாதம். கை ஆடுகிறது, முகம் இறுகிப்போய்விட்டது. சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்று எனக்கே தெரிவதில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும், சோற்றையும் நான்தான் பிசைந்து வைக்க வேண்டும். பிள்ளைகள் வெளியூரில். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவர் கதி என்ன என்பது ஒன்றுதான் என் பயம்.

போன மாதம் மாத்திரை வாங்கத் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பூச்சிமருந்தில் புழங்குகிறவர்களுக்கு இது வர வாய்ப்புக் கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றனவாம். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மூக்குக்கு வாசம் தெரியாமல் போகலாமாம். பால் தீய்ந்துகொண்டிருக்க, அடுப்புக்குப் பக்கத்திலேயே இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

வாசம் ஏற்றிய, பேனா போன்ற குச்சிகளை ஒவ்வொன்றாக அவர் மூக்கருகே நீட்டினாள். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு நோய் இல்லாதவங்களும் வேணும்மா. நீங்க கொஞ்சம் மோந்து பாக்குறீங்களா?"

"அதுக்கென்ன தாயி, கொண்டா" என்று ஜம்பமாக உட்கார்ந்தேன்.

முதல் குச்சியில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏந்தாயி, காஞ்சுபோன குச்சியக் குடுத்து ஏமாத்துறியா? நல்லதா எடு."

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் போன நர்ஸிடம் அதே குச்சியைக் காட்டினாள். நர்ஸ் கிட்டே வரக்கூட இல்லை. "பூண்டு" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "மருந்தடிச்சது அவுக தாயி. நான் சட்டையத்தான தொவச்சேன்?"

"பயப்படாதீங்கம்மா. காய்ச்சலாலயும் வாசம் போகும், வயசாலயும் போகும். வாசம் போன எல்லாருக்கும் இந்த நோய் வர்றதில்ல. டாக்டர்ட்ட காட்டிருவோம்."

"வராமத் தடுக்க மருந்து இருக்கா?"

"அதத்தாம்மா தேடிக்கிட்டிருக்கோம்" என்றாள். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். சின்னமனூரில் ஒரு பெண் கூடையோடு ஏறி, அதை எங்கள் காலடியில் வைத்தாள். கருகருவென்று பன்னீர்த் திராட்சை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "பஸ்ஸே மணக்குதே, எந்தூருப் பழம்மா இது?" என்று அவளிடம் கேட்டார்.

ஜன்னல் ஓரமாக இருந்த என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "உனக்கும் வாசம் தெரியலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் முகம் அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினார், அது ஆடிக்கொண்டே பாதியில் நின்றுவிட்டது. "அந்தச் சட்டைய எல்லாம் தோட்டத்துல அங்கனயே தீ வச்சிருக்கணும்" என்றார்.

முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். ஆடுகிறதா என்று அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.