கம்பியைத் தொடாத மூன்று நாள்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி எங்கள் உரக்கொட்டகைச் சங்கத்தில் கேட்டார்கள், சுவரில் ஒட்டுவதற்காம். வேறு ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது. சரி, எழுதுகிறேன். ஆனால் உள்ளதை உள்ளபடிதான் எழுதுவேன். எனக்கு அவளைக் கண்டால் பொறாமை. இன்று நேற்று வந்ததல்ல, பதினோரு வருஷப் பொறாமை.

அவள் என் கொழுந்தனின் மனைவி. அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. கல்யாணமாகி வந்த புதிதில் ஓர் ஆபீஸில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே மிஞ்சிய சாப்பாட்டையும் காய்கறித் தோலையும் பேப்பரோடு சேர்த்துக் கொட்டுவது அவளுக்குப் பொறுக்கவில்லையாம். எனக்கும்தான் எத்தனையோ பொறுக்கவில்லை. நான் என்ன ஊரையா கூட்டினேன்? அவள் கூட்டினாள். தெருமுனைக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பொறுக்கிக்கொண்டிருந்த ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். நாலு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே சும்மா கிடந்த இடத்தில் உரக்கொட்டகை போட அனுமதி வாங்கினாள். வீடு வீடாக ஏறி, மக்கும் குப்பை தனி, மக்காதது தனி என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனாள்.

இப்போது அந்த மேடே இல்லை. உரம் செடி விற்கும் கடைகளுக்குப் போகிறது. ஐந்து பேருக்கும் மாதச் சம்பளம், கையுறை, வாரத்தில் ஒரு நாள் லீவு. தெருவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. நானும் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறேன். உரம் கட்டும் பைகளைப் பழைய துணியில் தைப்பவள் நான். பை கிழியாமல் இருக்கிறது என்று இதுவரை ஒருவர் வாயைத் திறந்து சொன்னதில்லை.

என் வீட்டுக்காரரே ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம வீட்டுக்கே அவளாலதான் ஒரு மரியாதை" என்றார். கரண்டியை டங்கென்று வைத்தேன். மனுஷனுக்கு ஏன் என்று புரியவேயில்லை.

இந்த வருஷம் சங்கத்துக்கு ஒரு தலைவியைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. அந்தப் பதவி எனக்கு வேண்டும் என்று அன்றே மனசுக்குள் எழுதி வைத்துவிட்டேன். கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவள் அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார்கள். மூன்று நாள் போய் இருந்துவிட்டு வர வேண்டும். கொட்டகைச் சாவியை என் கையில் கொடுத்தாள்.

"அக்கா, காலைல குவியல்ல சொருகியிருக்கற கம்பிய உருவித் தொட்டுப் பாருங்க. கை பொறுக்கற சூடா இருந்தா அப்படியே விட்டுடுங்க. பொறுக்கலைன்னா புரட்டிவிடச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

தலையை ஆட்டினேன். அந்தக் கம்பி அவளுடையது. பிடியில் அவளுடைய பழைய துணியைச் சுற்றி வைத்திருந்தாள். அதைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. கண் இருக்கும்போது கம்பி எதற்கு?

மறுநாள் காலை போனால், குவியலிலிருந்து குபுகுபுவென்று புகை. உள்ளே தீப்பிடித்துவிட்டது என்று பதறினேன். நான் அணைத்தால் தலைவிப் பதவி எனக்குத்தான் என்றும் அதே நேரத்தில் தோன்றியது.

"ஆவிதாங்க அது, எப்பவும் வர்றதுதான்" என்றாள் ஐவரில் மூத்தவள்.

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்றேன். அவள் அடங்கிவிட்டாள்.

இருபது வாளி தண்ணீர் ஊற்றவைத்தேன். மேலே தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரமெல்லாம் கல் வைத்தேன். மூன்றாம் நாள் நாற்றம் நாலு கட்டடத்துக்கும் ஏறியது. குடியிருப்போர் செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஒரு வாரம் டைம். நாத்தம் போகலைன்னா கொட்டகைய எடுத்துட வேண்டியதுதான்."

ஐந்து பெண்களும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. மூத்தவள் மட்டும், "மறுபடி பொறுக்கப் போகலாம்னாலும் இப்ப மேடு இல்லையே" என்றாள்.

அன்று மாலையே என் ஓரகத்தி திரும்பி வந்தாள். பையைக்கூட மாடிக்குக் கொண்டுபோகவில்லை. தார்ப்பாயை உருவிவிட்டுக் கம்பியைத் தொட்டாள். "சில்லுனு இருக்கு. சூடு செத்து அழுகிப்போச்சு" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. சருகையும் மரத்தூளையும் கொட்டி, எல்லோருமாக நாலு நாள் புரட்டினோம். ஐந்தாம் நாள் நாற்றம் போய்விட்டது. என் இடுப்பும் போய்விட்டது.

கூட்டத்துக்குச் செயலாளரும் வந்திருந்தார். "இது யாரோட தப்பு? அத மட்டும் சொல்லுங்க."

"என் தப்புதாங்க. போறப்ப சரியா சொல்லிக்குடுக்காம போயிட்டேன்" என்றாள் அவள்.

எல்லோர் முகத்திலும் அவள்மேல் அப்படியொரு பிரியம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நல்ல பேரெல்லாம்தான் அவளுக்குப் போயிற்று. என் கெட்ட பேரையும் வாங்கி நல்ல பேராக்கிக்கொண்டால் எனக்கென்று என்ன மிச்சம்?

விருட்டென்று எழுந்தேன். "அவ சரியாத்தான் சொன்னா. நான்தான் கம்பியத் தொடல. அவ கம்பிங்கறதாலயே தொடல. இருபது வாளி ஊத்தச் சொன்னதும் நான்தான்."

மூத்தவள் சிரித்துவிட்டாள். "இருபத்திரண்டுங்க. தூக்கினவ நான்."

தலைவி யார் என்று கேட்டபோது என் ஓரகத்தி என்னைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள். என் பேரைத்தான் சொல்லப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெருந்தன்மையையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அவள் பேரை நான் சத்தமாகச் சொல்லி, எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினேன். அதிலாவது நான் முதல்.