முதல் அங்குலம் இல்லாத டேப்

தையல்காரர்கள் வீட்டு வேலையில் கை வைக்கக்கூடாது என்று யாராவது சட்டம் கொண்டுவந்தால், முதல் கையெழுத்து என்னுடையதுதான். நான் தச்சு வேலை செய்கிறவன். பதினோரு வருடமாக ஒரே தையல்காரரின் வீட்டுக்குக் கதவு, ஜன்னல், அலமாரி என்று செய்துகொடுத்து, என் தலைமுடியில் பாதி நரைத்ததே அவரால்தான். மீதிப் பாதி என் வீட்டுக்காரியால்.

அவரைத் தெருவே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் மனைவியும், கோபம் வந்தால் மட்டும், "என்ன மாஸ்டர்?" என்று கேட்பார். அந்தக் குரல் கேட்டால் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிடுவார். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, வாடிக்கையாளரைச் சமாளிப்பது, மாஸ்டரைச் சமாளிப்பது எல்லாம் அக்காவின் இலாகா.

வீடு பழையது. அவர்கள் வாங்கும்போதே அதற்கு அவர்கள் இரண்டு பேர் வயதையும் கூட்டினால் வருகிற வயது. தெருவைப் பார்த்த அறையில் கடை. தையல் மிஷின், வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி. அதற்குப் பின்னால் ஹால், படுக்கையறை, சமையலறை, கடைசியில் ஒரு படி கீழே இறங்கினால் குளியலறை. மழை பெய்தால், அந்த வீட்டில் எத்தனை பாத்திரம் இருக்கிறது என்பதைச் சொட்டுகிற சத்தத்தை வைத்தே எண்ணிவிடலாம்.

மாஸ்டர் வருடத்துக்கு ஒரு வேலை எடுப்பார். பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைத்து அனுப்பிய கையோடு, "இந்த வருஷம் கூரை", "இந்த வருஷம் ஜன்னல்" என்று அறிவிப்பார். முதலில் தானே செய்து பார்ப்பார். அது சொதப்பியதும் ஆளைக் கூப்பிடுவார். பிறகு ஆள் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நின்று உயிரை வாங்குவார்.

ஆனால் மனுஷனுக்கு மூளை இல்லை என்று சொல்ல முடியாது. சமையல் மேடைக்குக் கல் போடும்போது, மூலையின் கோணலுக்கு ஏற்றபடி பழைய செய்தித்தாளை வெட்டி, குண்டூசி குத்தி, மாதிரி தயார் செய்துவிட்டார். கல் அறுக்கிறவர் சிரியோ சிரி என்று சிரித்தார். கல்லைக் கொண்டுவந்து வைத்தபோது சொன்னபடி உட்கார்ந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு முன்னால் தையல் சாக்கட்டியால் கோடு போட்டு, ஒரு முழத்துக்கு மட்டும் அடித்து, இரண்டு நாள் தள்ளி நின்று பார்ப்பார். கேட்டால், "ட்ரையல்" என்பார். கதவுக் கீல்களுக்கு மிஷின் எண்ணெய் விடுவார். அந்த வீட்டில் ஒரு கதவும் கிறீச்சிட்டு நான் கேட்டதில்லை. அதன்பிறகு நானும் கீலுக்கு மிஷின் எண்ணெய்தான் விடுகிறேன். அவரிடம் இதுவரை சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன்.

நான் அங்கே முதலில் போனது நூல்கண்டு வைக்கிற ஒரு பலகைக்காக. இரண்டு சுவருக்கு நடுவில் பொருத்தவேண்டும். "முப்பத்தேழு இஞ்சு, மேஸ்திரி. என் டேப் பொய் சொல்லாது" என்றார். முப்பத்தேழு அறுத்துக்கொண்டு போனேன். பலகை உள்ளே போகவே மாட்டேன் என்றது, சரியாக ஓர் அங்குலம் அதிகம்.

"மரத்தைச் சரியா அறுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று ஒரு வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டுவிட்டார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அவர் ஒரு சட்டையை எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து, மேசைமேல் கிடந்த அவருடைய துணி டேப்பைக் கையில் எடுத்தேன். நுனித் தகடு இல்லை. பிசிறு தட்டிய முனையை யாரோ எப்போதோ கத்தரித்துவிட்டிருக்கிறார்கள். டேப் ஒன்றாம் எண்ணில்தான் ஆரம்பிக்கிறது.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் வெட்டினேன்" என்று மெதுவாகச் சொன்னார். "கல்யாணமான புதுசுல. அவர் கவனிக்கவே இல்ல."

"அப்புறம் எப்படி அக்கா சட்டை எல்லாம் சரியா வருது?"

"ஆளையும் அதே டேப்ல அளக்கறார், துணியையும் அதே டேப்ல வெட்டறார். எங்க தப்பும்?"

யோசித்துப் பார்த்தேன். தப்பவே தப்பாது. தப்பு என்பது வெளியிலிருந்து இன்னொரு டேப்போடு வருகிற என்னைப் போன்ற இளிச்சவாயனுக்கு மட்டும்தான். "சொல்லிடாதீங்க தம்பி. இத்தனை வருஷத்துல ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லன்னு அவருக்கு அவ்வளவு பெருமை" என்றார் அக்கா. நானும் ஓர் அங்குலம் கழித்து அறுத்துக்கொண்டுவந்து மாட்டினேன். "பாத்தீங்களா, நான் சொன்ன அளவுதான்!" என்றார் மாஸ்டர். பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவர் ஓர் அளவு சொல்வார், நான் மனசுக்குள் ஒன்றைக் கழிப்பேன். அலமாரி, ஜன்னல் சட்டம், புத்தகத் தட்டு, செருப்பு வைக்கிற பெட்டி எல்லாம் அப்படியே வந்து உட்கார்ந்தன. வீடு வருடத்துக்கு ஒரு சுற்று தேறிக்கொண்டே வந்தது. கூரை ஒழுகுவது நின்றது. ஹாலுக்கு வெளிச்சம் வந்தது. "என் கை வைக்காத இடம் இந்த வீட்டுல கிடையாது" என்று மாஸ்டர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பீற்றிக்கொள்வார்.

கை வைக்காத இடம் ஒன்று இருந்தது. அக்கா வருடா வருடம் கேட்டது அதைத்தான். "அந்தக் குளியலறைப் படியை மட்டும் மேடாக்கிடுங்களேன். ஈரத்துல வழுக்குது." மாஸ்டரும் வருடா வருடம், "அடுத்த வருஷம் முதல் வேலை அதுதான்" என்பார். என் காதாலேயே நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன். அவரைத் திட்டி என்ன, நானாவது ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னேனா? எனக்கு அதில் மர வேலை இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் படியில்தான் அக்கா விழுந்தார். இடுப்பும் முதுகும் அடிபட்டு மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிமேல் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அழவில்லையாம். ஒன்றே ஒன்று சொன்னாராம்.

"பாத்ரூமுக்குக்கூட என்னைத் தூக்கிக்கிட்டுப் போற வீட்டுக்கு நான் வரமாட்டேன். எங்க தம்பி வீட்டுல லிஃப்ட் இருக்கு, கதவெல்லாம் அகலம். நான் அங்க போய்டறேன். நீங்க உங்க வீட்டை வச்சுக்கிட்டு இருங்க."

இதை மாஸ்டர் என் பட்டறை வாசலில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நாற்பது வருடம் அடுத்தவன் தோளை அளந்த மனுஷனுக்குத் தன் தோள் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவ்வளவு குறுகிப்போயிருந்தார்.

"ஆஸ்பத்திரியில அவளை அனுப்ப இன்னும் மூணு வாரம் இருக்கு மேஸ்திரி" என்றார். "முடியுமா?"

"முடியாதுன்னு சொன்னா விட்டுடுவீங்களா? வாங்க."

கொத்தனார் வந்து படியை மேடாக்கினார். சொரசொரப்பான ஓடுகளை மாஸ்டரே மண்டியிட்டுப் பதித்தார். இந்தத் தடவை ட்ரையல் பார்க்கவில்லை. ஓடுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி, அவர் போடும் தையல் மாதிரி ஒரே சீராக இருந்தது. சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தி, கை வழுக்காமல் இருக்க அதற்குத் தடித்த துணியில் உறை தைத்துப் போட்டார். கதவு மட்டும் என் பொறுப்பு.

கதவுதான் சிக்கல். வீட்டில் மற்ற வாசலெல்லாம் அகலம், இது மட்டும் குறுகல். ஒரு பக்கம் தூண், இன்னொரு பக்கம் சுவருக்குள் தண்ணீர்க் குழாய். நினைத்தபடி அகலப்படுத்த இடம் கிடையாது. நாற்காலி நுழைய வேண்டும், மேற்கொண்டு ஓர் அங்குலம் இருக்க வேண்டும், அதற்கு மேல் சுவர் இடம் கொடுக்காது. நாற்காலி ஆஸ்பத்திரியில் இருந்தது. மாஸ்டர் போய் அளந்து, சீட்டில் எழுதிக் கொண்டுவந்தார். இருபத்தாறு. அடியில் இரண்டு கோடு.

"நல்லா அளந்தீங்களா?"

"மூணு தடவை."

நான் பாட்டுக்கு இருபத்தைந்து என்று எடுத்துக்கொண்டேன். ஓர் அங்குலம் கூட்டி, திறந்த கதவின் கனத்துக்கும் இடம் விட்டு, நிலைச் சட்டம் செய்து மாட்டினேன். கதவு பூப்போலத் திறந்தது. மாஸ்டர் கீலுக்கு எண்ணெய் விட்டார்.

அக்கா வந்த அன்று மத்தியானம் நல்ல வெயில். காரை ஓட்டிவந்தவர் அக்காவின் தம்பி. நல்ல மனுஷன், ஆனால் அக்காவின் பை காரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். "பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்." மாஸ்டர் தலையை ஆட்டினார்.

அக்கா யாரையும் தள்ளவிடவில்லை. தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு கடையைத் தாண்டினார், ஹாலைத் தாண்டினார். மேடாக்கிய இடத்தில் ஒரு நிமிடம் நின்று, தரையைப் பார்த்தார். பிறகு குளியலறைக் கதவைத் தள்ளித் திறந்து, நாற்காலியை உள்ளே விட்டார்.

சக்கரம் நிலையில் உரசி நின்றது.

பின்னால் வந்து, நேராக்கி, மறுபடி விட்டார். மறுபடி நின்றது. புதுச் சட்டத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"நான் தூக்கி உள்ள விடறேன் அக்கா" என்று தம்பி குனிந்தார்.

"தொடாதே." அக்கா நாற்காலியைத் திருப்பினார். மாஸ்டரை ஏறிட்டுப் பார்த்தார். "சரி, விடுங்க. பையை இறக்க வேண்டாம்."

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் என் டேப்பை எடுத்து நாற்காலியை அளந்தேன். இருபத்தாறு. கதவு திறந்திருந்தபடியே வாசலை அளந்தேன். இருபத்தாறு.

"மாஸ்டர், எந்த டேப்ல அளந்தீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். புத்தம் புது இரும்பு டேப். "அவளுக்காச்சேன்னு புதுசு வாங்கினேன். வீட்டுக்கு வந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன் மேஸ்திரி. அப்பதான் தெரிஞ்சுது. இத்தனை வருஷமா நீங்க கழிச்சுக்கழிச்சு அறுத்துக் கொடுத்திருக்கீங்க. உங்களை நாலு பேர் முன்னாடி வச்சு என்னவெல்லாம் பேசியிருக்கேன். சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"இந்தத் தடவையும் கழிச்சுட்டேன் மாஸ்டர்" என்றேன். "தப்பு என்னோடது. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்யா, ஆளுக்கு ஒரு வாய் இருக்கே, அது எதுக்கு? டீ குடிக்கவா?" என்றார். "பதினோரு வருஷம்! ரெண்டு பேரும் ஒரே வீட்டுல நின்னு வேலை பாத்திருக்கீங்க!" கோபமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. "டேப்பை வெட்டினது நான். சொல்ல வேண்டாம்னு சொன்னதும் நான். அழகாயிருக்கு நம்ம லட்சணம்."

அக்கா சிரித்தது எனக்குத் தெம்பு கொடுத்தது. அப்போதுதான் மரமண்டைக்கு உறைத்தது. கதவு திறந்து நிற்கும்போது அதன் கனம் வாசலில் ஓர் அங்குலத்துக்கும் மேல் தின்கிறது. கதவையே கழற்றிவிட்டால்?

திருப்புளியை எடுத்தேன். மூன்று கீல், ஐந்து நிமிடம். இவ்வளவு ஆசையாக இழைத்த கதவைத் தூக்கி ஹால் சுவரில் சாய்த்தேன்.

"கதவில்லாத குளியலறையா?" என்றார் தம்பி.

மாஸ்டர் அதற்குள் கடைக்கு ஓடியிருந்தார். சீருடைத் துணியில் மிச்சமான கெட்டி நீலம் இருந்தது. பழக்கத்தில் பழைய துணி டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் பிடித்தவர், என்னைப் பார்த்ததும் சட்டென்று கீழே இறக்கினார்.

"அதுலயே அளங்க மாஸ்டர்" என்றார் அக்கா. "துணியையும் அதுலயே வெட்டுங்க. எங்க தப்பும்?"

மிஷின் ஓடியது. கடையில் துணி மாட்டுகிற கம்பியை நான் நிலையின் மேல் பொருத்தினேன். வளையம் கோத்த நீலத் திரை கால்மணி நேரத்தில் தொங்கியது. தரைக்கு ஒரு விரல் மேலே, பிசகில்லாமல்.

அக்கா சக்கரத்தை உருட்டினார். நாற்காலி இரண்டு பக்கமும் படாமல் உள்ளே போயிற்று. உறை போட்ட கம்பியை ஒருமுறை பிடித்துப் பார்த்தார். திரும்பித் தன் கையாலேயே திரையை இழுத்து மூடினார்.

"எல்லாரும் ஹாலுக்குப் போங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருக்காதீங்க. மூணு மாசமா எப்பவும் யாராவது பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தாங்க."

நாங்கள் மூன்று பேரும் திட்டு வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஹாலில் உட்கார்ந்தோம். மாஸ்டர் பழைய டேப்பைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடியது. பிறகு நின்றது.

திரை விலகுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்று கூப்பிட்டார் அக்கா. "அந்தப் பையை இறக்கி வை."

தம்பி எழுந்திருப்பதற்குள் மாஸ்டர் தெருவுக்கு ஓடியிருந்தார், செருப்புகூடப் போடாமல்.