ஒலிபெருக்கியில் கடைப் பெயர்

கல்முனைக்குடியில் பாமசி என்ற மருந்துக் கடை வைத்திருக்கும் ஜெஸீமாவுக்கு வாயும் அதிகம், துணிவும் அதிகம். திருக்கை முள் குத்திய காலோடு அபூசாலி ஒருநாள் மறுபடியும் கடைக்கு வந்தார். முதல் முறை வந்தபோது அவள் கொடுத்த அன்டிபயோட்டிக் குளிசைகளை விழுங்காமல், உடைத்துப் புண்ணில் தூவியிருந்தார்.

"தின்னத் தந்த மருந்தப் பூசுறதுக்கு இது என்ன சந்தனமா, காக்கா?" என்று ஏசியபடி குனிந்தவள் திகைத்தாள். புண்ணில் ரொட்டி மா போல் பசை பிடித்திருந்தது. கடையிலிருந்த குளிசைகளையும் உடைத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். எல்லாம் வெறும் கோதுமை மா.

அபூசாலியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நேரே பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் போனாள்.

"என்ட கடைக் குளிசை போலி, ஆரும் தின்ன வேணாம் எண்டு சொல்லுங்க."

"கடைப் பேரச் சொல்லாம உடுவமே புள்ள? பொறகு ஆரு வருவா?"

"பேரச் சொல்லாட்டி சனம் திண்டுட்டுச் சாகும். உரத்துச் சொல்லுங்க!"

ஊரில் யாரும் இறந்தால் மௌத்து அறிவிக்கும் ஒலிபெருக்கி அவள் கடைப் பெயரை ஊருக்கே சொன்னது. மஃரிபு, அந்தித் தொழுகைக்குள் பாதிக் குளிசைகள் திரும்பி வந்தன. மீதியை வீடு வீடாகப் போய்ப் பிடுங்கி வந்தாள்.

மறுநாள் அபூசாலி ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த மருந்துத் துண்டோடு நொண்டி வந்தார்.

"வழியில வேற பாமசி இல்லயா, காக்கா?"

"இரிக்கி. அவனுகள்ட மருந்து பொய்யெண்டா ஆரு புள்ள நமக்குச் சொல்லுற?"