பொட்டு வைத்த சிலோன்காரி

எங்கள் தோட்டத்துத் துரையம்மாவை யாராவது நல்லவள் என்று சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நல்லவள்தான். ஆனாலும் வரும்.

எண்பதுகளின் நடுவில், சிலோனில் சண்டை மூண்டு சனங்கள் சிதறிய நேரம், கடல் தாண்டி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மூன்று பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாரின் பூர்வீகம் யாழ்ப்பாணம். மூவரும் ஏதோ ஒரு வழியில் அவருக்குச் சொந்தம். மூவருக்கும் கைத்தறி நெய்யத் தெரியும். மேனேஜரின் மனைவியான துரையம்மா அவர்களுக்குப் பழைய ஆயாக் கொட்டகையில் தறி போட்டுக் கொடுத்தாள். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம் அது. நெய்த துணியில் கைப்பையும் சட்டையும் தைத்து, பக்கத்து டவுனான தானா ராத்தாவில் சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்றாள். கடை வாசலில் இங்கிலீஷில் ஒரு பலகை. போரில் கணவனை இழந்த பெண்கள் நெய்தது என்று அதில் எழுதியிருப்பதாகக் கிராணியார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு வயிறு எரிந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, மலைச்சரிவில் விழுந்து கால் ஒடிந்து, கொழுந்துக்குப் போக முடியாமல் எங்களோடுதான் இருந்தாள். அத்தையின் புருஷன் வேறொருத்தியோடு கோலா தெர்லா பக்கம் காய்கறித் தோட்டம் போட்டுக்கொண்டு சுகமாக இருந்தான். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று தோட்டத்தில் வந்தால் அது அத்தைக்குத்தான் என்று அம்மா நினைத்திருந்தாள். வேலை வந்தது. வெளியூர்க்காரிகளுக்குப் போனது.

அன்றிலிருந்து அம்மாவின் கண் கொட்டகையை விட்டு அகலவில்லை. மூவரில் இருவர் வெறும் நெற்றியோடு இருந்தார்கள். மூன்றாமவள் நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி.

"புருசன் செத்தவளுக்கு எதுக்குடி தாலி?" என்று அம்மா குழாயடியில் ஆரம்பித்தாள்.

"சிலோன்ல அப்படித்தான் போல லா" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"அப்ப மத்த ரெண்டு பேரும் எந்த ஊரு? ஜப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். எங்களுக்குத் தெரிந்தவரை, புருஷன் செத்தால் கருமாதியன்று தாலி இறங்கும். இறங்கவில்லை என்றால் அவன் எங்கோ இருக்கிறான். அப்படியானால் இவள் ஏமாற்றுக்காரி. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

அம்மா துரையம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் துரையம்மா கிராணியாரைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். நாங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம். அவள் கேட்டதைக் கிராணியார் தமிழில் சொன்னார்.

"உன்ர புருசன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு கேக்கிறா."

"தெரியாது" என்றாள் அவள். "ஆமிக்காரர் ஏத்திக்கொண்டு போனவங்கள். உடம்பை ஒருத்தரும் எனக்குக் காட்டேல்லை."

கிராணியார் குரலைத் தாழ்த்தினார். "செத்திட்டார் எண்டு ஒரு சொல்லுச் சொல்லன் பிள்ளை. பொட்டை அழி. தறி உனக்குத்தான்."

"என்ர வாயால நான் அவரைச் சாகடிக்கவோ?"

துரையம்மா கத்தவில்லை. பலகையில் எழுதியிருப்பதை நம்பித்தான் வாங்குகிறார்கள், பொய் சொல்லி விற்கக்கூடாது என்றாள். முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. பலகையில் ஒரு வார்த்தையை மாற்றியிருக்கலாம். ஆளை மாற்றினாள்.

காலியான இடத்தில் அத்தை நூல் சுற்ற உட்கார்ந்தாள். அத்தையின் புருஷன் செத்துவிட்டான் என்று துரையம்மாவிடம் அம்மாதான் சொன்னாள். அத்தையின் தாலியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டதும், பொட்டைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டதும் அம்மாதான். அத்தை அழுதுகொண்டே நின்றாள். தோட்டத்துக்காரிக்கு எந்தப் போர் என்று துரையம்மாவும் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சிலோன்காரி காய்கறி லோரியில் புறப்பட்டாள். கிள்ளானில் யாரோ தூரத்துச் சொந்தமாம். ஏறப் போனவள் திரும்பி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்ற அம்மா, சண்டைக்குத்தான் வருகிறாள் என்று கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள்.

"அக்கா, ஆரும் என்னைத் தேடி வந்தா, அவ கிள்ளானுக்குப் போட்டா எண்டு சொல்லுங்கோ. மறந்திடாதேங்கோ."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அன்று சாயங்காலம் அம்மா குழாயடிக்குப் போகவில்லை, குடத்தைக் கொடுத்து என்னைத்தான் அனுப்பினாள். எனக்குக் காரணம் புரியவில்லை. தேடி வருகிறார்கள் என்றால் போலீஸாகத்தான் இருக்கும், திருட்டுச்சிறுக்கி எதையோ சுருட்டிக்கொண்டு ஓடுகிறாள் என்றுதான் நினைத்தேன். பள்ளி விட்டதும் ரோட்டோரம் போய் நின்று பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்தேன், யாராவது தேடி வந்தால் நான்தான் முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று.