அப்பா தள்ளி நின்ற மெஷின்

என் அப்பா கோதண்டபாணி விருத்தாசலத்தில் ஷெட் வைத்திருந்தார். செராமிக் பொம்மை யூனிட்டுகளுக்கு, பொம்மைகளை ஏற்றிச் சூளைக்குள் தள்ளும் டிராலி செய்து கொடுப்பது தொழில். இரும்புத் தகட்டைப் பிளாஸ்மா கட்டர் என்னும் மின்சார மெஷினால் அறுத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பிசிறு இருந்தால் அன்று யாரிடமும் பேசமாட்டார்.

ஐம்பத்தெட்டு வயதில் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். வெல்டிங், பிளாஸ்மா பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர்.

அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பிளாஸ்மா மெஷினை என் முன்னால் தூக்கி வைக்கச் சொன்னார். நான் பவர் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள்.

"இதுக்குள்ள எது என்னைக் கொல்லும்? அதை மட்டும் காட்டு."

ப்ளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த சார்ஜ் இறங்கும்வரை பொறுத்து, மூடியைத் திறந்தேன். லைனில் வரும் ஏசியை டையோடுகள் டிசி ஆக்குகின்றன. கெப்பாசிட்டர்கள் அதைச் சமன் செய்கின்றன. அடுத்து, ஐஜிபிடி என்னும் சுவிட்சுகள் அந்த டிசியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டுகின்றன.

"டிசி ஆக்கிட்டு அப்புறம் எதுக்கு வெட்டணும்?"

"வேகமா வெட்டுனா டிரான்ஸ்ஃபார்மர் சின்னதா இருந்தா போதும்ப்பா. பழைய வெல்டிங் செட்டை நாலு பேர் தூக்குனீங்க. இது ஒத்தக் கையில வருது."

அந்த டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைத்துக் கரண்டைக் கூட்டுகிறது. மறுபடி டிசி ஆகி, கையில் பிடித்து அறுக்கும் டார்ச்சுக்குப் போகிறது. ஆனால் காற்று சும்மா மின்சாரத்தைக் கடத்தாது. கடத்த வைக்க இன்னொரு சர்க்யூட் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஒரு பொறியைக் கிளப்பும். அந்தப் பொறி சுற்றிலும் ரேடியோ அலையை வீசும். பேஸ்மேக்கர் அதை இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு தன் வேலையை நிறுத்திவிடலாம்.

"அப்ப அந்த சர்க்யூட்டைப் புடுங்கிடு."

"பொறி இல்லாத மெஷினும் இருக்குதுப்பா. ஆனா அறுக்குற கரண்டு அதே கரண்டுதான். கேபிளைச் சுத்தி காந்தப்புலம் இருக்கும். வேணாம்."

ஷெட்டில் பிசிறு தேய்க்கும் கிரைண்டரைப் பிடித்துப் பழகிய என் அம்மா ஆதிலட்சுமி குறுக்கே வந்தார்.

"நான் அறுக்குறேன். நீங்க கோடு போட்டுட்டு ரோட்டாண்ட போயிடுங்க."

"நீ அறுத்தா டிராலி கோணிக்கும்."

"கோணிக்கட்டும். மேல ஏத்துற பொம்மைக்கு என்னா தெரியும்?"

அப்படியே நடந்தது. அப்பா தகட்டில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு எதிர் டீக்கடைக்குப் போய்விடுவார். சத்தம் நின்றதும் வந்து ஓரத்தைத் தடவுவார். ஆரம்பத்தில் நிறையப் பிசிறு. ஆனாலும் பேசினார்.

இந்த மார்கழியில் நிமோனியாவில் போய்விட்டார். சிதையில் பேஸ்மேக்கர் வெடிக்கும் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே அதை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் இடம் போதவில்லை. ஷெட்டில்தான் கிடத்தினோம். தலைமாட்டில் நின்ற மெஷினைச் சித்தப்பா திருமால் வெளியே எடுக்கப் போனார்.

"இருக்கட்டும்" என்றார் அம்மா. "இனிமே பக்கத்துல இருக்கலாம்."