பத்தாம் எண் கவர்

பில்கிஸ் டீச்சரோடு பஸ்ஸில் போவதைப் போல் பேஜாரான வேலை வேறு கிடையாது. ஜன்னல் சீட் அவருக்குத்தான் வேண்டும். காற்று வாங்குவதற்காக இல்லை, சாலையோரப் புளியமரங்களைப் பார்ப்பதற்காக. "அதோ, அந்த மரத்துல பாத்தீங்களா டீச்சர்?" என்று என் விலாவில் இடிப்பார். நான் திரும்புவதற்குள் மரம் போயிருக்கும்.

நாங்கள் இருவரும் மேல்விஷாரத்தில் ஒரே பள்ளிக்கூடம். அவர் உயிரியல், பெர்சிஸ் ஆகிய நான் வேதியியல். டீச்சர் முப்பத்தெட்டு வயதில், இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டே பகுதி நேரமாக எம்.ஃபில். சேர்ந்தார். எடுத்துக்கொண்ட ஆய்வு, மரப்பட்டையில் சாம்பல் பூத்தாற்போல் ஒட்டிக்கிடக்குமே, அதைப் பற்றி. "மரத்துக்குப் படை வந்திருக்கு, களிம்பு தடவுங்க" என்று ஒருநாள் கிண்டல் செய்துவிட்டேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு முழுக்க எனக்குப் பாடம் நடந்தது.

"அது படை இல்ல டீச்சர், குடும்பம். லைக்கன்னு பேரு. உள்ள பூஞ்சையும் பாசியும் ஒண்ணாக் குடித்தனம் பண்ணுது. பாசி வெயில்ல சமைக்கும். பூஞ்சைக்குச் சமைக்கத் தெரியாது, ஆனா நூல் நூலா வளந்து வீடு கட்டும், தண்ணியப் புடிச்சு வைக்கும். மொட்டப் பாறையில தனித்தனியா விட்டா ரெண்டும் காஞ்சு போய்டும். சேந்துதுன்னா அந்தப் பாறையையே கொஞ்சம் கொஞ்சமா மண்ணாக்கும்."

"பூஞ்சைன்னா ஊறுகாயக் கெடுக்கறதுதானே?"

"ஊறுகாய விடுங்க. பூஞ்சை இல்லன்னா காட்டுல விழுந்த எல மக்காது. நம்ம அமிர்தி காட்டுல இடுப்பளவு சருகுல நீங்க நடக்கணும்."

சொல்லும்போது அவர் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. எனக்கே கொஞ்சம் பரபரப்பாகிவிட்டது, அதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

அவருடைய திட்டம் சுலபமானது. அமிர்தி காட்டில் தொடங்கி, கணியம்பாடி, வேலூர் வழியாக மேல்விஷாரம் வரை பத்து இடம், இடத்துக்கு ஒரு பழைய புளியமரம். மரத்தில் இருப்பதைப் பட்டையோடு பெயர்த்துக் காகிதக் கவரில் போட்டு, மேலே எண், ஊர், தேதி எழுத வேண்டும். 1999-இல் ஆரம்பித்தார். அமிர்திக் கவர் தலையணை மாதிரி உப்பியிருந்தது. கணியம்பாடிக் கவர் அதில் பாதி. வேலூரைத் தாண்டத் தாண்டக் கவர்கள் மெலிந்துகொண்டே வந்தன. பத்தாவது மரம், ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு தோல் தொழிற்சாலையின் வாசலில் நின்றது. அதில் பொட்டு அளவுகூட இல்லை. காலிக் கவரின் மேல் 'இல்லை' என்று எழுதி, அதையும் ஒட்டி வைத்தார்.

"காலிக் கவர் இன்னாத்துக்கு?" என்றேன்.

"அதான் டீச்சர் முக்கியமானது. லைக்கனுக்கு வேர் கெடையாது. காத்துல, மழையில வர்றத உடம்பு முழுக்க உறிஞ்சும். புகை ஜாஸ்தியான எடத்துல மொதல்ல சாவறது இதுதான்."

அந்தத் தொழிற்சாலையின் பாய்லர் சூப்பர்வைசராகப் பதினோரு வருடம் இருந்தவர் வேறு யாருமில்லை, அவருடைய கணவர் ரஃபி அகமதுதான். 1997-இல் அது மூடிய பிறகு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போய்வருகிறார். "அந்தப் பாய்லர் எரிஞ்சதாலதான் நம்ம வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. அதப் போய் குத்தம்னு எழுதப் போறியா" என்று என் முன்னாலேயே ஒருமுறை கேட்டார். பில்கிஸ் கவருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

கவர்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. முதல் மாதம் சேகரித்ததை வீட்டு வேலைக்கு வந்த அம்மாள் குப்பை என்று கொட்டிவிட்டதால், இந்த முறை டீச்சர் ஒரு தந்திரம் செய்தார். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் 'கல்பாசி' என்று எழுதினார். பொய்யும் இல்லை. பிரியாணியில் போடும் கல்பாசி பெயரில்தான் பாசி, உண்மையில் அது ஒரு லைக்கன். அந்த வீட்டில் மசாலாச் சாமானை யாரும் குப்பையில் கொட்ட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரிதான். யாரும் கொட்டவில்லை.

2001 ஜனவரியில் ரஃபி அகமதுவின் தங்கை மகளுக்கு அந்த வீட்டில் நிச்சயதார்த்தம். பெரிய தேக்சாப் பாத்திரத்தில் பிரியாணி. நான் வெட்கமில்லாமல் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, டீச்சர் திறந்த டப்பாவோடு சமையல்கட்டிலிருந்து வந்தார். உள்ளே ஒரே ஒரு கவர். பின்னாலேயே பண்டாரி, அதாவது பிரியாணி சமைத்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கல்பாசி கம்மியா இருக்குன்னேம்மா. பாய்தான் டப்பாவ எடுத்துக் குடுத்தாரு. பட்டையும் அதுலயே ஒட்டிக்கினு இருந்துச்சு, சரி, தனியா எதுக்குன்னு அப்படியே போட்டுட்டேன். மணமே இல்லாத பட்டை. ஒரு கவரு காலியா இருந்துச்சு, அத மட்டும் வச்சுட்டேன்."

புளியமரப் பட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பங்கு என் வயிற்றில் இருந்தது. மாதிரிகளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவருடைய ஆய்வு வழிகாட்டி சொல்லியிருந்தார். பிப்ரவரி முடிந்தால் பதிவே காலாவதி.

"நான் வேணும்னு பண்ணல" என்றார் ரஃபி அகமது. நான் நம்பவில்லை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. அந்தப் பத்தாம் கவர் அவருக்கு எவ்வளவு உறுத்தியது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றார். "ஏறு. அமிர்திக்குப் போலாம்." நான் என் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன், சந்தேகத்தோடு. முதல் வாரம் மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் கணியம்பாடியில், "பில்கிஸ், இங்க வா, இது ஓரமெல்லாம் சுருண்டுக்கினு இருக்குது, வேற ஜாதியா?" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பூதக்கண்ணாடியை டீச்சரிடம் திருப்பிக் கொடுக்கவே மாட்டேனென்கிறார். எந்தெந்த மரம் என்று முன்பே தெரியும், அதனால் மூன்றாம் வாரமே ஒன்பது கவரும் நிறைந்தன.

"அவ்ளோதான். பத்தாவது கவரு அப்படியே இருக்கு" என்றார் டீச்சர்.

"எல்லாம் இந்த மாசத் தேதி, அது மட்டும் ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதியா? எங்க பாய்லர் ரெஜிஸ்டர்ல இத ஒத்துக்க மாட்டோம்" என்று ரஃபி அகமதுவே வண்டியைத் திருப்பினார்.

துருப்பிடித்த கேட். புகை வராத புகைபோக்கி. அவர் மரத்தை ஒரு சுற்று சுற்றி, சாலையைப் பார்க்காத பக்கத்தில் நின்றுவிட்டார். "இது காக்கா எச்சமா பாரு."

டீச்சர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். அரிசி அளவில், சாம்பல் பச்சையில், ஓரம் பிரிந்த ஒரு பொட்டு. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஏழு. என் வாழ்க்கையில் ஏழு பொட்டுகளைப் பார்த்து நான் அப்படிக் குதித்ததில்லை.

"இது எப்ப வந்துச்சு?" என்றார் ரஃபி அகமது.

பில்கிஸ் என்னிடமிருந்து பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டார். "நீங்க பாய்லர அணைச்சப்புறம்."

ரஃபி அகமது புகைபோக்கியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். டீச்சர் பட்டையைப் பெயர்க்கப் பிளேடை எடுத்தபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காத. இப்பத்தான் வந்திருக்குது. உங்க கைடு சார இங்க வந்து பாத்துட்டுப் போவச் சொல்லு."

பிறகு காலிக் கவரை வாங்கி, சட்டைப்பையிலிருந்த பேனாவால் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, ரெஜிஸ்டரில் எழுதுவது போலப் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார்.